எது வீரம்?

சின்ன காஞ்சிபுரம் வரதராஜர் கோவில் நூற்றுக்கால் மண்டபத் தூண்களைப் பாருங்கள். குதிரை வீரர்களும் இராமாயணக் காட்சிகளுமாய் நிறைந்திருக்கின்றன. புராணத்தில் வீரமென்பது கொல்வதுதான். மறைந்து நின்று வாலியைக் கொன்றதுங்கூட வீரமாம்!

முதலை கவ்விய யானை கூப்பிட்டதும் பெருமாள் கருடன்மேல் பறந்து வந்தார் என்கிறார்கள். வைசூரியில் குழந்தைகள் கொத்துக்கொத்தாய்ச் செத்தபோது வந்தது யார்? அம்மை குத்துகிறவர்தானே! 1796-ல் ஜென்னர் என்ற வைத்தியர் சோதித்துக் காட்டிய முறையை, வசவுக்கும் விரட்டலுக்கும் அஞ்சாமல் ஊர் ஊராய் எடுத்துச் சென்றவர் அவர். 1975-ல் இந்தியாவில் வைசூரி ஒழிந்தது. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததென்று அறிவித்தார்கள். அவருக்குச் சிலையுமில்லை, உற்சவமுமில்லை.

வைகாசிக் கருடசேவைக்குப் போகும், ஐம்பது வயதைக் கடந்த தோழரே! கும்பிடத் தூக்கும் கையிலுள்ள தழும்பைச் சற்றுப் பாரும். உம்மைக் காத்த வீரன் யார்?