வீட்டுத் தோட்டம்: வாசலோரம் ஒரு மருதாணி



அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் வாழ்வோர் தண்ணீரின் இரு முகங்களையும் கண்டவர்கள். 2019 ஜூன் மாதத்தில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. தண்ணீர் லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் தெருவில் வரிசையாக நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய இடத்திற்கு ஏற்ற பூஞ்செடி எது? மருதாணி என்பதே நமது பரிந்துரை. ஆனால், அதனை நடும் முறை அறிந்து நடவேண்டும்.

சித்த மருத்துவத்தில் மருதோன்றி, அழவணம் என்றும், நபிமொழித் தொகுப்புகளில் ஹின்னா என்றும் வழங்கப்படுவது இச்செடியே. என்றும் பசுமையான சிற்றிலைகளும், கொத்துக் கொத்தாக மலரும் வெண்ணிறப் பூக்களும், அவற்றின் நறுமணமும் வாசலுக்கு அழகூட்டும். இராஜஸ்தானின் பாலி மாவட்டத்திலுள்ள சோஜத் பகுதியில் இது பெருமளவில் மானாவாரியாகப் பயிராகிறது. அங்குப் பெய்யும் மழை சென்னை மழையில் பாதிகூட இல்லை.

எனவே, வேரூன்றிய மருதாணிக்கு நம் பகுதியில் பகை வறட்சியன்று. வேரடியில் தேங்கும் நீரே. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் கொட்டிவிடுகிறது. ஏரிகளை ஒட்டிய மனைகள் பலவற்றில் களிமண் மிகுதி. அதில் நீர் விரைவில் இறங்காது, வேர் அழுகிவிடும்.

ஆதலால் குழியில் நடாதீர்கள், மேட்டில் நடுங்கள். மண்ணுடன் மணலும் மட்கிய எருவும் கலந்து, ஓரடி உயரத்திற்கு மேடு கட்டுங்கள். நாள் முழுவதும் வெயில் படும் இடமாக இருக்கட்டும். விதையைவிடக் குச்சி எளிது. பென்சில் கனமுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்திற்கு வெட்டி, பாதியளவு மண்ணில் புதையுமாறு ஊன்றுங்கள். ஜூன், ஜூலையில் ஊன்றினால் பெருமழைக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

முதலாண்டுக் கோடையில் மட்டும் மண் காயும்போது நீர் ஊற்றுங்கள். ஒளுச் செய்யும் நீரை ஒரு வாளியில் பிடித்து ஊற்றினாலே போதும், வீண்விரயமும் தவிர்க்கப்படும். பின்னர் நீரைக் குறைத்துவிடலாம். வெயிலில் காய்ந்து வளரும் செடியின் இலையில்தான் சாயம் மிகுதி. ஆண்டிற்கொரு முறை கவாத்துச் செய்தால் புதுக்கிளைகள் அடர்ந்து வரும். இலையும் பூவும் பெருகும். முதிர்ந்த கிளைகளின் நுனி முள்ளாகும் என்பதால் நடைபாதையை விட்டுச் சற்றுத் தள்ளி நடுவது நலம்.

கடையில் கூம்பாக விற்கும்போது இதற்கு ஏன் இத்தனை பாடு என்று சகோதரிகள் சிலர் கேட்கலாம். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் செம்மஞ்சள் முதல் கருஞ்சிவப்பு வரையிலான நிறத்தையே தரும். ‘கறுப்பு மருதாணி’ என்று விற்கப்படும் பலவற்றில் தலைமுடிச் சாயத்திற்குரிய பாராஃபினைலீன் டையமின் என்னும் இரசாயனம் கலக்கப்படுகிறது. அது தோலில் கொப்புளங்களை எழுப்பி, வடுவையும் விட்டுச் செல்லலாம். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால், பிற்காலத்தில் முடிச்சாயம் பூசும்போதும் அது திரும்ப வரும். பெருநாள் இரவில் ஆசையோடு நீட்டும் பிஞ்சுக் கைகளுக்கு இந்தத் துன்பம் எதற்கு?

தூய மருதாணியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஜி6பிடி என்னும் நொதி குறைந்த பச்சிளங் குழந்தைகளுக்கு இதனைப் பூசினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். அக்குறை இருப்பது வெளியே தெரியாது. ஆகவே கைக்குழந்தைகளுக்கு எந்த மருதாணியும் வேண்டாம்.

மற்றவர்க்கு, நம் வாசலில் பறித்து நம் அம்மியில் அரைத்த இலையில் என்ன கலந்திருக்கிறது என்ற ஐயமே எழாது. இந்த ஆண்டு ஒரு குச்சி ஊன்றுங்கள். இன்ஷா அல்லாஹ், ஓரிரு ஆண்டுகளில் அண்டை வீட்டாருக்கும் கொடுத்து மகிழலாம்.