சாலைச் சைக்கிள் வாங்குமுன்



வேலைக்குப் போகத் தொடங்கிய பிள்ளை, வளைந்த கைப்பிடி வைத்த சாலைச் சைக்கிள் வேண்டும் என்கிறானா? வேண்டாமென்று தடுக்காதீர்கள். ஆனால் சாயத்தின் மினுக்கைப் பார்த்துச் சம்பளப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் பிரேம் அளவைப் பாருங்கள். மேல் குழாயின் இருபுறமும் கால்களைப் போட்டு நின்றால், இரு பாதங்களும் தரையில் பதியவேண்டும். அளவு பொருந்தாத சைக்கிளில் எத்தனை உயர்ந்த பாகம் இருந்தாலும் முதுகுவலிதான் மிச்சம்.

அடுத்தது கியர். 1921இல் ஜப்பானில் தொடங்கிய சிமானோ நிறுவனம் பல தரங்களில் பாகங்கள் செய்கிறது. பின்சக்கரத்தில் 8 பற்சக்கரமுள்ள கிளாரிஸ், 9 உள்ள சோரா இரண்டும் விலை குறைந்த தரங்கள். அன்றாட ஓட்டத்துக்குத் தாராளமாகப் போதும். ஒரு பாகத்தில் சிமானோ பெயர் இருப்பதால் எல்லாம் அதுவே என்று எண்ணவேண்டாம். பிரேக், செயின், பெடல் தண்டு ஒவ்வொன்றையும் தனியே கேளுங்கள்.

பழைய சைக்கிளென்றால் பிள்ளையின் பள்ளி அளவுகோலைக் கையோடு கொண்டுபோங்கள். செயினின் ஓர் ஆணியைச் சுழியத்தில் வைத்து, அடுத்துள்ள ஆணிகளை எண்ணுங்கள். புதுச் செயினில் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். 1/8 அங்குலம் தள்ளி நின்றால், செயினோடு பற்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பந்திங் போகும் சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டப்போவது உங்கள் பிள்ளை. ஹெல்மெட்டுக்கும் பின்விளக்குக்கும் பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். மீதியில் சைக்கிள் தேடுங்கள்.