நாற்பது சிவப்பு, ஒரே தப்பு!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி. மெஸ்ல சாப்பிட்ட பரோட்டாவே இன்னும் செரிக்கலை. உங்க டீம் பண்ணியிருக்கிறது ஒரு டிரெய்ன் டிக்கெட் சைட். அதைச் சோதிக்க நாற்பது ஆட்டோமேட்டட் டெஸ்ட் எழுதி வெச்சிருக்கீங்க. நேத்து வரைக்கும் நாற்பதும் பச்சை. இன்னிக்கு ஓட்டினா, நாற்பதும் சிவப்பு!

'சர்வர் படுத்துருச்சா? டேட்டாபேஸ் காலியா?'ன்னு தலையைப் பிய்ச்சுக்கிட்டுத் தேடினா, விஷயம் ரொம்ப சப்பை. லாகின் பட்டனோட ஐ.டி.யை உங்க டீம்மேட் மாத்தியிருக்கார். அவ்வளவுதான். லாகின் பண்ணாம எந்த டிக்கெட்டும் போட முடியாதே! அதனால அதே ஆறு வரி லாகின், நாற்பது டெஸ்ட்டுலயும் காப்பி-பேஸ்ட் ஆகி உட்கார்ந்திருக்கு.

ஃபைண்ட்-ரீப்ளேஸ் போடுறீங்க. முப்பத்தேழு பச்சை ஆகுது. மூணு மட்டும் சிவப்பு. அதுல ரெண்டு, ஒருத்தர் சிங்கிள் கோட்டும் இன்னொருத்தர் டபுள் கோட்டும் போட்டதால தப்பிச்சது. மூணாவது? 'அது எப்பவும் அப்படித்தான்டா, காலையில பார்த்துக்கலாம்'னு லேப்டாப்பை மூடிட்டுத் தூங்கப் போயிடறீங்க. ஆனா அந்த மூணாவதுதான் நிஜமான தப்பு: பன்னிரண்டு வயசுப் பையனுக்கு உங்க சைட் அரை டிக்கெட் போடுது. மறுநாள் எக்ஸ்டர்னல் வந்து உட்கார்ந்து, வயசு கட்டத்துல 12-ன்னு தட்டறார்...

வேலை கூடறதைக்கூட விட்டுத் தள்ளலாம். சும்மா சும்மா சிவப்பு காட்டற டெஸ்ட்டை நாலு நாள்ல யாரும் மதிக்க மாட்டாங்க. அதுதான் பெரிய நஷ்டம்.

'ஒரு பட்டன் ஐ.டி. அடிக்கடி மாறுமா சார்?'னு கேட்பீங்க. பட்டனை விடுங்க, அசையவே அசையாதுன்னு நினைக்கிறதெல்லாம் மாறும். திண்டுக்கல் ஜங்ஷன்ல சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸ் ஏறியிருப்பீங்க. ஒரு காலத்துல அதோட நம்பர் 2636. 2010 டிசம்பர் 20 முதல் ரயில்வே ஐந்து இலக்கத்துக்கு மாறினதும் அது 12636 ஆயிடுச்சு. டெஸ்ட்டுல நாற்பது இடத்துல 2636-ன்னு எழுதி வெச்சவர் கதி என்ன? ஒரே இடத்துல எழுதி, அதுக்கு 'வைகை'ன்னு பேர் கொடுத்து, மத்த இடத்துல அந்தப் பேரை மட்டும் பயன்படுத்தினவர் ஒரு வரியை மாத்திட்டு டீ குடிக்கப் போயிருப்பார்.

இன்னொண்ணு. சென்னை சென்ட்ரலுக்கு 2019-ல எம்.ஜி.ஆர். பேரை வெச்சாங்க. போர்டு மாறிச்சு, அறிவிப்பு மாறிச்சு. ஆனா ஸ்டேஷன் கோடு? அதே பழைய மெட்ராஸ் காலத்து எம்.ஏ.எஸ்.தான்! ஸ்க்ரீன்ல தெரியற எழுத்தைப் பிடிச்சுத் தொங்காதீங்க. உள்ளே இருக்கிற, லேசுல மாறாத அடையாளத்தைப் பிடிங்க. டெஸ்ட்டுக்குன்னே ஒரு தனி ஐ.டி. போட்டுத் தரச் சொல்லி டீம்மேட்கிட்ட இன்னிக்கே கேளுங்க.

இந்த வேலைக்கு நம்ம பசங்க அதிகம் பயன்படுத்தற டூல் செலினியம். 2004-ல சிகாகோவுல, தாட்வொர்க்ஸ் கம்பெனியில வேலை பார்த்த ஜேசன் ஹக்கின்ஸ் ஆரம்பிச்சது. அப்போ டெஸ்டிங் டூல் மார்க்கெட்டுல பெரிய ஆள், மெர்குரி. பாதரச விஷத்துக்கு செலினியம் மாற்றுன்னு கிண்டலா வெச்ச பேர்! அதே செலினியத்தோட பைத்தான் பதிப்புல, 2022-ல வந்த 4.3-ல, 'ஃபைண்ட் எலிமென்ட் பை ஐ.டி.' மாதிரியான பழைய கட்டளைகளையெல்லாம் தூக்கிட்டாங்க. சீனியர்கிட்ட வாங்கின பழைய ப்ராஜெக்ட் உங்க மெஷின்ல ஓட மறுக்குதா? முதல்ல இதைச் சந்தேகப்படுங்க.

இதுக்கு மருந்து 'பேஜ் ஆப்ஜெக்ட்'. பேர்தான் மிரட்டுது, விஷயம் சிம்பிள். லாகின் பக்கத்துக்கு ஒரு கிளாஸ். பட்டன் எங்கே, பாஸ்வேர்ட் கட்டம் எங்கேங்கிறது அந்த கிளாஸுக்கு மட்டும்தான் தெரியணும். டெஸ்ட்டுக்குத் தெரிய வேண்டியது 'உள்ளே போ', 'வைகையில ஒரு சீட் தேடு', 'கட்டணம் எவ்வளவு சொல்லு' மட்டும். பட்டன் ஐ.டி. மாறினாலும் சரி, செலினியம் கட்டளை மாறினாலும் சரி, கை வைக்க வேண்டியது ஒரே ஃபைல். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னாடி பிரவுசரைத் திறக்கிற சடங்கை செட்அப்புல போட்டுடுங்க. பைடெஸ்ட்டுல அதுக்குப் பேர் ஃபிக்ஸ்சர்.

அப்புறம் அந்த வயசுப் பிரச்னை. அஞ்சு வயசுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம், அஞ்சுலேர்ந்து பன்னிரண்டு ஆகிற வரைக்கும் அரை டிக்கெட், பன்னிரண்டு ஆயிட்டா முழுசு. இதுதான் உங்க சைட்டோட விதின்னா, சோதிக்க வேண்டிய வயசு 4, 5, 11, 12. நாலு டெஸ்ட்டா காப்பி அடிக்காம, ஒரே டெஸ்ட்டுக்கு நாலு வரி அட்டவணை கொடுங்க. பைடெஸ்ட்டுல 'பாராமெட்ரைஸ்', ஜேயூனிட் 5-ல 'பாராமெட்ரைஸ்டு டெஸ்ட்'. சாதாரண லூப் போட்டா முதல் தோல்வியிலேயே நின்னுடும். இதுல நாலும் தனித்தனியா ஓடி, 12 மட்டும் ஃபெயில்னு பளிச்சுன்னு காட்டும்.

இதைப் படிச்சுட்டு, ரெண்டு வரி ஒரே மாதிரி இருந்தாலே வெட்டிச் சேர்க்கக் கிளம்பிடாதீங்க. அங்கேதான் நிறைய பேர் சறுக்கறாங்க. 'ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லாதே'ங்கிற விதியை 1999-ல ஆண்ட்ரூ ஹன்ட்டும் டேவிட் தாமஸும் 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்துல சொன்னப்போ, வரியை எண்ணச் சொல்லலை. ஒரு தகவலுக்கு ஒரே இடம் இருக்கட்டும்னாங்க. நாற்பது டெஸ்ட்டுக்கும் ஒரே ஹெல்பர் எழுதி, அதுக்கு ஏழு ட்ரூ-ஃபால்ஸ் கொடுத்து ஓட்டறதை நான் பார்த்திருக்கேன். நம்ம ஊர் மாங்காய் பூட்டுல ஊர்ல இருக்கிற அத்தனை சாவியும் நுழையணும்னு கேட்கிற மாதிரிதான் அது. ஒரு டெஸ்ட்டைத் திறந்தா, அது எதைச் சோதிக்குதுன்னு அந்த இடத்துலயே புரியணும். அதுக்காக ரெண்டு வரி திரும்ப வந்தா வரட்டும். மூணாவது தடவை அதே வரியை ஒட்டறப்போ பிரிச்சு எழுதுங்க.

விடையிலயும் சிக்கனம் பிடிக்காதீங்க. முழு டிக்கெட் 200 ரூபாய்னா, அரை டிக்கெட் 100-ன்னு டெஸ்ட்டுல கையால எழுதுங்க. சைட் கணக்குப் போடற அதே ஃபங்ஷனைக் கூப்பிட்டு விடையை எடுத்தா, அது தப்பா போட்டாலும் டெஸ்ட் தலையாட்டும். அதே மாதிரி, முதல் டெஸ்ட் புக் பண்ணின டிக்கெட்டை ரெண்டாவது டெஸ்ட் கேன்சல் பண்ற மாதிரியும் வேண்டாம். ஒண்ணு விழுந்தா வரிசையா எல்லாம் விழும். அவங்கவங்க டிக்கெட்டை அவங்கவங்களே போட்டுக்கட்டும்.

சரி, லேப்டாப்பைத் திறங்க. டெஸ்ட் ஃபோல்டர்ல 'லாகின்'னு தேடுங்க. எத்தனை ஃபைல் வருதுன்னு பாருங்க. அஞ்சுக்கு மேல வந்தா, இன்னிக்கு ஒரே ஒரு கிளாஸ் எழுதி, அஞ்சே அஞ்சு டெஸ்ட்டை மட்டும் அதுக்கு மாத்துங்க. மாத்தினதும் வேணும்னே பட்டன் ஐ.டி.யைக் கெடுத்துட்டு ஓட்டுங்க. அந்த அஞ்சும் சிவப்பு ஆகும். கிளாஸுல ஒரு வரி மாத்தி மறுபடி ஓட்டுங்க. மிச்சம் முப்பத்தஞ்சையும் ரிவ்யூ முடிஞ்சு நிதானமா பார்த்துக்கலாம்.