சென்சாரை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

நம் திருவண்ணாமலை மளிகை வியாபாரிகளுக்கு மாதம் ஒரு பரீட்சை உண்டு, அது பௌர்ணமி. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையிலுள்ள கடைகளுக்கு முதல் நாளே சரக்கு சேர்ந்தாக வேண்டும். சென்ற ஆண்டு அப்படியொரு நாளில் எங்கள் மண்டியின் பழைய ஆம்னி வேன் செங்கம் சாலையில் திக்கித் திக்கி நின்றுவிட்டது. என்ஜின் விளக்கு எரிந்தது. மூட்டைகளை ஆட்டோவில் மாற்றி அனுப்பியும் இரண்டு கடைகளுக்குச் சரக்கு சேரவில்லை. பல ஆண்டு வாடிக்கைக்காரர்களிடம் தலைகுனிந்து நின்றோம்.

பட்டறையில் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்து, த்ராட்டில் சென்சார் போய்விட்டது என்று புதிது போட்டார்கள். ரூ.4,800 ஆயிற்று. நான்காம் நாள் வண்டி மறுபடியும் நின்றது. பிறகு அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவர் சீட்டைத் தூக்கி, அடியில் ஓடும் ஒயரைத் தடவிப் பார்த்தார். எலி கடித்து, ஒரே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கினால் தொடர்பு விட்டுப்போகும், நின்றால் ஒட்டிக்கொள்ளும். சரிசெய்ய ரூ.250தான். எங்கள் குடோன் எலி எங்களுக்கே வைத்த செலவு!

கம்ப்யூட்டர் காட்டும் எண், கோளாறு எந்தப் பாதையில் என்றுதான் சொல்லும். எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லாது. அந்தப் பாதையில் சென்சாரும் உண்டு, ஒயர், கனெக்டர், எர்த் ஆகியவையும் உண்டு.

எனவே வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். எர்த் ஒயர் இறுக்கமாக இருக்கிறதா, கனெக்டரில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். த்ராட்டில் சென்சாருக்கு மூன்று ஒயர்கள்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவதில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சீராக ஏறும் வோல்ட். அந்த 5 வோல்ட்டே வந்து சேராவிட்டால் சென்சாரைக் குறை சொல்லிப் பயனில்லை. இதை மீட்டரில்தான் பார்க்க வேண்டும்; பல்பு வைத்துச் சோதித்தால் என்ஜின் கம்ப்யூட்டரே கெடக்கூடும்.

மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்வது நியாயமல்ல. "எதையாவது மாற்றி சீக்கிரம் கொடப்பா" என்று அவசரப்படுத்தியதும் நாங்கள்தானே! எடை போடாமல் ஒரு மூட்டை இறக்க மாட்டோம். மீட்டரில் அளந்து காட்டாமல் சென்சார் மாற்ற மட்டும் ஏன் சம்மதிக்க வேண்டும்? மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். வண்டியை மூட்டைகளுக்கு அருகில் நிறுத்தாதீர்கள்.

புது வண்டி வாங்க எல்லோராலும் முடியாது. இருக்கும் வண்டியை விவரமாகப் பார்த்துக்கொள்வதும் வியாபாரத்தில் ஒரு பகுதியே.