சும்மாதான் போகிறோம்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஐந்தாறு பெண்கள் ஒரே தெருவிலிருந்து ஸ்கூட்டரைக் கிளப்பினால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும் என்று எங்கள் தெரு நம்புகிறது. ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. "யார் வீட்ல விசேஷம்?" என்று கேட்பவர்கள் நல்ல மனசுக்காரர்கள். எதிர்வீட்டுப் பெரியவர் குரலைத் தாழ்த்தி, "யாரும்மா தவறிட்டது?" என்பார். "யாருமில்லைங்கய்யா, சும்மாதான் போறோம்" என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அவருக்கு அது பதிலாகவே படவில்லை. எதையோ மறைக்கிறோம் என்று நினைக்கிறார்.

மதுரையில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். என் வண்டி ஏற்றாத சுமை கிடையாது. லைனிங் துணி, நூல்கண்டு, ஹூக்கு பாக்கெட், முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஆரி வேலை ஜாக்கெட்டுகள் எல்லாம் சீட்டுக்கு அடியில். காலடியில் அரிசி மூட்டை, ஒரு காலத்தில் கேஸ் சிலிண்டர். பின்னால் பிள்ளை, பிள்ளைக்குப் பின்னால் புத்தகப் பை. பெரியார் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் சிலிண்டரைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு போனபோது, "பார்த்தும்மா, ஆபத்து" என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அதே வண்டியில் வெறுங்கையோடு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, காலி ரோட்டில் கீழக்குயில்குடிக்குப் போகிறேன் என்றால் மட்டும் ஊருக்கே என் உயிர்மேல் அக்கறை வந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இதைத்தான். பெண் ஸ்கூட்டர் ஓட்டுவதை இந்த ஊர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது. காரணமில்லாமல் ஓட்டுவதைத்தான் இன்னும் ஏற்கவில்லை.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஒரு டீ குடிக்க வாடிப்பட்டி வரை போய்விட்டு வருவார்கள். புல்லட் வைத்திருப்பவர்கள் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு கூட்டமாகக் கொடைக்கானல் ஏறினால் அதற்கு 'ரைடு' என்று பெயர். நாங்கள் போனால் 'ஊர் சுற்றல்'.

பெண்ணுக்கு வண்டி வேலைக்குத்தான் என்று அரசாங்கமே நினைத்தது. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் தொடங்கியது. வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். அருமையான திட்டம், குறை சொல்ல மாட்டேன். எங்கள் கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், அவள் வண்டி அப்படி வந்ததுதான். ராத்திரி ஷிப்டு முடிந்து ஆட்டோவுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தவளின் பிழைப்பை அது மாற்றியது. ஆனால் அந்தத் திட்டமே வேலைக்குச் செல்லும் மகளிருக்கு என்றுதான் இருந்தது. வரிப்பணத்தை அப்படித்தான் கொடுக்க முடியும், சரி. அரசு போட்ட அந்த நிபந்தனையை வீடுகளும் தெருக்களும் ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

என் அம்மா காலத்தில் ஸ்கூட்டர் என்றால் பஜாஜ் சேடக். இடது கைப்பிடியைத் திருகி கியர் மாற்ற வேண்டும், கிளம்பாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து உதைக்க வேண்டும். பெண்ணுக்கு அதில் இடம் பின்சீட்டில், ஒருபக்கமாக, முந்தானையை இழுத்துப் பிடித்தபடி. 1984-ல் கைனெடிக் ஹோண்டா வந்தது. கியர் கிடையாது, பட்டனை அமுக்கினால் போதும். தொண்ணூறுகளில் டிவிஎஸ் ஸ்கூட்டி வந்தது. இன்றைக்கும் இங்கே எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் பெண் ஓட்டினால் அது 'ஸ்கூட்டி'தான். பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு வந்ததே பெரிய பயணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்சீட்டுக்கு வந்த பிறகும் எங்கே போவது என்று முடிவு செய்தது ரேஷன் கடையும் டியூஷன் சென்டரும்தான்.

எங்கள் கூட்டத்துக்குப் பெயர் கிடையாது. பனியன் அடிக்கலாம் என்று எல்ஐசி அக்கா ஒருமுறை சொன்னார், தையல்காரி நானே வேண்டாம் என்றுவிட்டேன். நர்ஸ், எல்ஐசி அக்கா, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், இட்லிக் கடை அக்கா, நான், அப்புறம் வரப் போக இருக்கும் ஓரிருவர். சட்டதிட்டம் எல்லாம் டீச்சருடையது. மெதுவாக ஓட்டுகிறவர் முன்னால் போக வேண்டும். வேகமாக ஓட்டுகிறவர் கடைசியில். இது கேட்கும்போது தலைகீழாகத் தெரியும், ஆனால் இதனால்தான் யாரும் தனியாகப் பின்தங்குவதில்லை. இட்லிக் கடை அக்கா நாற்பதைத் தாண்ட மாட்டார், அதனால் எங்கள் எல்லோருடைய வேகமும் நாற்பது. ஸ்பீட் பிரேக்கர் வந்தால் முன்னால் போகிறவர் இடது கையைத் தாழ்த்தி ஆட்டுவார், அது வரிசையாகப் பின்னால் வரும். போன் பேச வேண்டுமென்றால் எல்லோரும் நிற்க வேண்டும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் உண்டு. சட்டமே அப்படித்தான் சொல்கிறது, இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்பது நிறைய பேருக்குப் பிடிபட்டபோதுதான் நினைவுக்கு வருகிறது.

பதினோரு மணிக்குள் திரும்பிவிடுவோம், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு இருக்கிறதே. இதிலும் ஒரு முன்னேற்றம். எல்ஐசி அக்காவின் வீட்டுக்காரர் இப்போது தானே கறி எடுத்து, மஞ்சள் போட்டுக் கழுவி, குக்கரில் விசில் விட்டு வைக்கிறார். உப்பு மட்டும் அக்கா வந்துதான் பார்க்க வேண்டுமாம்.

நாற்பதில் போவது எவ்வளவு சுகம் என்று வேகமாகப் போகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அழகர்கோவில் சாலையில் நான் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்கி வரும் வழிதானே. ஆனால் அவர் நின்று நின்று வரும் மண்டகப்படிகள் அந்தச் சாலையில் எத்தனை இருக்கின்றன என்பதே வண்டியில் போனபோதுதான் கண்ணில் பட்டது. திருவிழா இல்லாத நாளில் அவை பூட்டிக் கிடக்கும், திண்ணையில் ஆடு படுத்திருக்கும். கள்ளந்திரியில் பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தால் பாலத்தில் நிறுத்திவிடுவோம். கேரளத்துப் பக்கம் பெய்த மழை, 1895-ல் கட்டி முடித்த அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து இங்கே ஓடுகிறது என்று டீச்சர் பாடம் எடுப்பார். பையன்கள் அதில் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

கீழக்குயில்குடிக்குப் போனால் தாமரைக்குளம், ஆலமரம், கருப்பசாமி, மரத்தடியில் இட்லியும் பணியாரமும். இட்லிக் கடை அக்கா அங்கே இட்லி வாங்கி, பிட்டுப் பார்த்து, "உளுந்து பத்தல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இன்னும் ரெண்டு வாங்குவார். பிறகு சமணர் மலையில் செட்டிப்புடவு வரை ஏறுவோம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பம், பக்கத்தில் யாரோ தன் காதலியின் பெயரைச் சுரண்டி வைத்திருக்கிறார்.

அரிட்டாபட்டி வேறு மாதிரி. ஒத்தக்கடையில் யானைமலையைத் தாண்டி, மேலூர் போகும் நாலுவழிச் சாலையிலிருந்து இறங்கினால் அந்த ஊர். குடைவரைச் சிவன் கோயில், தமிழ்ப் பிராமி எழுத்து, பாறையிடுக்கில் வல்லூறு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2024-ல் அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள் என்று செய்தி வந்தபோது, எங்கள் ஐந்து பேருக்கும் அது வெறும் செய்தியாக இல்லை. போன தடவை எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த வீடு எது, வண்டியை நிறுத்திய புளியமரம் எது என்று தெரியும். மேலூர் பக்கத்து ஊர்க்காரர்கள் விடாமல் போராடி, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. போராட்டத்தில் எங்கள் பங்கு ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சும்மா போன ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த ஊரை எங்களுக்குச் சொந்தமாக்கியது. வேலையாக மட்டும் போயிருந்தால் அரிட்டாபட்டிக்கு நான் எதற்குப் போயிருக்கப் போகிறேன்? அங்கே எனக்கு ஜாக்கெட் வாடிக்கையாளர் யாருமில்லை.

"ஸ்கூட்டரில் மலை ஏறலாமா?" என்று கேட்பார்கள். 2015-ல் லக்னோவைச் சேர்ந்த அனம் ஹாஷிம் 110 சிசி ஸ்கூட்டரில் லடாக்கின் கார்துங் லா கணவாய்க்கே போனார். நாங்கள் போனது சிறுமலைக்கு. கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது சிரமமில்லை, இறங்குவதில்தான் சூட்சுமம். எங்கள் மெக்கானிக் தம்பி முன்னாடியே சொல்லி அனுப்பினான். கியர் வண்டியில் இறக்கத்தில் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நம் வண்டியில் பெல்ட்டும் தானியங்கி கிளட்சும்தான். ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டு வேகமும் குறைந்துவிட்டால் கிளட்ச் கழன்றுகொள்ளும், வண்டி தன்பாட்டுக்கு உருளும். அப்போது பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, கடைசியில் பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. "விட்டு விட்டுப் பிடிங்கக்கா, நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்க" என்றான். அப்படியே செய்தோம். ஆறவிட்ட இடத்திலெல்லாம் மலைவாழைப்பழம் வாங்கியதில் நர்ஸின் டிக்கி மூடவில்லை.

இந்த விஷயங்களைப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் கோபம். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியதோடு சரி. டயரில் காற்று எவ்வளவு, பிரேக் கேபிள் எப்போது தளர்கிறது என்பதெல்லாம் 'தம்பி பார்த்துப்பான்'. சின்னச் சக்கரத்துக்குப் பள்ளம் எவ்வளவு பெரிய எதிரி என்பது தினமும் ஓட்டுகிறவளுக்கு இடுப்பில் தெரியும், ஏன் என்று தெரியாது. பொழுதுபோக்காக ஓட்டத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் வண்டியையே தெரிந்துகொண்டோம்.

ரோட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. நாலுவழிச் சாலையில் எங்களைப் போன்ற நாற்பது வேகக்காரர்களுக்கு இடமே இல்லை. ஆம்னி பஸ் ஒன்று கடந்தால் அந்தக் காற்றே வண்டியை ஒரு அடி தள்ளும். சர்வீஸ் ரோடு பாதி தூரத்தில் மாயமாகிவிடும், அல்லது எதிர்த்திசையில் ஒருவர் டிராக்டரோடு வருவார். கிராமத்து ரோடு எவ்வளவோ தேவலை, ஆனால் வெள்ளைக் கோடு இல்லாத ஸ்பீட் பிரேக்கரை யார் போடுகிறார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்தது கழிப்பறை. பெண்கள் வண்டியில் ஊர் சுற்றாததற்கு ஆயிரம் பண்பாட்டுக் காரணம் சொல்வார்கள், முதல் காரணம் இதுதான். பெட்ரோல் பங்கில் கழிப்பறை இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கிறது, பூட்டியும் இருக்கிறது. ஒரு பங்கில் சாவி கேட்டதற்கு, "சாவி வச்சிருக்க அண்ணன் சாப்பிடப் போயிருக்காரு" என்றார்கள். டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார், அண்ணன் வரும்வரை. கால் மணி நேரத்தில் இன்னொரு சாவி எங்கிருந்தோ வந்தது. எல்லோரும் டீச்சராக இருக்க முடியாதே.

பெட்ரோல் வீண் என்பார்கள். அறுபது கிலோமீட்டர் போய்வர ஒன்றரை லிட்டருக்குள். இன்றைய விலையில் நூற்றைம்பது ரூபாய் ஆகும். தியேட்டரில் பாப்கார்ன் வாங்குகிறவர்கள் இதைப் பற்றிப் பேச வேண்டாம். வழியில் பருத்திப்பாலைச் சேர்த்தாலும் இருநூறைத் தொடாது.

ரீல்ஸ் எடுக்கிறோம் என்று கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்டும் பிள்ளைகளோடு எங்களைச் சேர்த்துத் திட்டுகிறவர்களும் உண்டு. திட்டட்டும், அந்தப் பிள்ளைகளை நாங்களும்தான் திட்டுகிறோம்.

இப்போதைக்குக் கவலையெல்லாம் இட்லிக் கடை அக்காவின் மாமியார்தான். எழுபதைத் தாண்டியவர், "என்னையும் கீழடிக்குக் கூட்டிப் போங்கடி, மியூசியம் பார்க்கணும்" என்கிறார். தெப்பக்குளம், விரகனூர், சிலைமான் என்று போனால் பக்கம்தான், எல்ஐசி அக்கா பின்னால் ஏற்றிக்கொள்ளத் தயார். ஆனால் அந்தப் பாட்டியின் கொண்டைமேல் எந்த ஹெல்மெட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கோங்க என்றால், "கல்யாணமான நாள்லேருந்து கொண்டைதான்" என்கிறார். டீச்சரோ ஹெல்மெட் இல்லாமல் வண்டி நகராது என்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.