ஐந்தாம் நாள் கரு: முழுக் கணக்கைச் சொல்லுங்கள்

தாம்பரம் தொடங்கி மறைமலை நகர் தாண்டியும் ஜி.எஸ்.டி. சாலையில் கருத்தரிப்பு மைய விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே போகும் தம்பதியர் இப்போது அடிக்கடி கேட்கும் சொல் 'ஐந்தாம் நாள் கரு'. ஆய்வகத்தில் உருவான கருவை, ஏழெட்டு செல்களாக இருக்கும் மூன்றாம் நாளிலேயே கருப்பையில் வைப்பது ஒரு முறை. இன்னும் இரண்டு நாள் வளர்த்து, பிளாஸ்டோசிஸ்ட் என்னும் நிலையை அடைந்த பிறகு வைப்பது மற்றொன்று. இரண்டாவதில் வெற்றி அதிகம் என்கிறார்கள்.

அது பாதி உண்மை. நெதர்லாந்தில் 1,202 பெண்களிடம் நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தடவை வைத்த கருவிலேயே குழந்தை பெற்றவர்கள் ஐந்தாம் நாள் பிரிவில் 37 சதவீதம். மூன்றாம் நாள் பிரிவில் 29.5. உறையவைத்த மிச்சக் கருக்களையும் வைத்துப் பார்த்தபோதோ 58.9, 58.4 என்று இரண்டும் ஒன்றாகிவிட்டன. அதிலும், குறைந்தது நான்கு கருக்கள் கிடைத்தவர்களைத்தான் அந்த ஆய்வில் சேர்த்தார்கள். ஒன்றிரண்டு கருவே தேறிய பெண் ஐந்தாம் நாள்வரை காத்திருந்தால், வைப்பதற்கு எதுவுமே மிஞ்சாமல் போகலாம். ஆய்வகத்தில் வளர்ச்சி நின்ற கரு தாய் வயிற்றில் பிழைத்திருக்குமா? அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

காத்திருப்பதில் நன்மை உண்டு. தேறிய கரு ஒன்றை மட்டும் வைத்து இரட்டைக் கர்ப்பத்தின் அபாயத்தைக் குறைக்கலாம். ஏமாந்து திரும்பும் தடவைகளும் குறையும். எனவே முறையின் மீது நமக்குக் குறையில்லை. கருக்களின் எண்ணிக்கையையும் வயதையும் பாராமல் எல்லோர் தலையிலும் அதே பேக்கேஜைக் கட்டுவதுதான் தவறு. கடன் வாங்கியும் நகையை அடகு வைத்தும் வருகிறவர்களிடம் பாதிக் கணக்கைச் சொல்வது நியாயமல்ல.

வெற்றி வாய்ப்பு, சாதக பாதகம், செலவு எல்லாவற்றையும் தம்பதியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. பிரிட்டனில் ஒவ்வொரு மையத்தின் முடிவுகளையும் அரசு அமைப்பே பொதுவில் வைக்கிறது. தமிழக அரசும் அப்படிச் செய்ய வேண்டும். எழும்பூரில் தொடங்கியதுபோல் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஒரு கருத்தரிப்பு மையம் வேண்டும்.

அதுவரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுமுன் கேளுங்கள்: உங்கள் வயதில் கருமுட்டை எடுக்கப்பட்ட நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு போனார்கள்? பதிலை எழுதியே வாங்குங்கள்.