கால்சட்டைக்கு ஏன் இந்தக் கூப்பாடு?

அமெரிக்கச் சித்திரக் கதைகளில் வொண்டர் வுமன் என்றொரு வீராங்கனை உண்டு. 1941-ல் மார்ஸ்டன் என்ற ஆண் கற்பித்து, பீட்டர் என்ற ஆண் வரைந்த பெண் அவள். 2010-ல், 600-வது இதழில், ஜிம் லீ என்பவர் அவளுக்கு நீளக் கால்சட்டையும் மேல்சட்டையும் வரைந்துவிட்டார். உடனே சம்பிரதாயம் கெட்டுப் போயிற்றென்று ரசிகர்களில் பலர் போட்ட கூச்சல் கொஞ்சமல்ல!

எது சம்பிரதாயம் என்று கேட்கிறோம். முதலில் அவள் உடுத்தியது நட்சத்திரப் பாவாடையல்லவா? அது அரைக்கால் சட்டையாகி, பின்னர் அதுவும் வரவரச் சுருங்கியபோது இச் சம்பிரதாயம் எங்கே போயிருந்தது?

பழைய உடையைப் பெண்களும் கேட்டதுண்டே என்பார்கள். உண்மைதான். 1968-ல் அவளுடைய பலத்தையே பிடுங்கிவிட்டு, நாகரிக உடை மாட்டினார்கள். குளோரியா ஸ்டைனம் முதலிய பெண்கள் அதைக் கண்டித்து, 1972-ல் தங்கள் 'மிஸ்' பத்திரிகையின் அட்டையில் பழைய உடையோடு அவளைப் போட்டார்கள். 1973-ல் பலம் திரும்பி வந்தது. அவர்கள் கேட்டது பலத்தை. இவர்கள் கேட்பதோ தொடையை!

கேட்டதும் கிடைத்தது. 2011-ல் புதிய கதை வரிசைக்கென்று முதலில் வெளியிட்ட படத்திலிருந்த கால்சட்டை, புத்தகம் வருமுன்பே மறைந்துவிட்டது. சூப்பர்மேன் 1938 முதல் கழுத்திலிருந்து கால்வரை மூடிக்கொண்டுதான் திரிகிறான். அவன் பராக்கிரமத்துக்கு அதனால் என்ன குறைந்துவிட்டதாம்?